மறுமொழி சொல்லாத தாய்
வேதபாடம்: 1 சாமுவேல் 4:19–22, ரூத் 4:13–17



இம்முறை பாடத்துக்கு இரண்டு பகுதிகளை எடுத்துக்கொள்கிறோம். முதலில் 1 சாமுவேல் 4-ஆம் அதிகாரத்தின் கடைசி நான்கு வசனங்களை வாசித்துவிட்டு மேலே தொடருங்கள்.

ஏலியின் மருமகள், பினெகாசின் மனைவி, நிறைகர்ப்பிணி. உடன்படிக்கைப் பெட்டி பிடிபட்டது, மாமனார் இறந்தார், புருஷனும் மடிந்தான் என்ற செய்திகள் ஒன்றாய் வந்து விழுகின்றன. அதைக் கேட்டதும் வலி கண்டு பிள்ளை பெறுகிறாள். அருகே நின்ற பெண்கள் அவளைத் தேற்றப் பார்க்கிறார்கள். பிறந்திருப்பது மகன் என்பதுதான் அவர்கள் கையில் இருந்த ஆறுதல். அவளோ மறுமொழி சொல்லவில்லை. அந்தப் பேச்சை மனதில் வாங்கிக்கொள்ளவும் இல்லை.

பிரசங்கிகள் பெரும்பாலும் இந்த இடத்தில் இக்கபோத் என்ற பெயருக்கும் விலகிப்போன மகிமைக்கும் விரைந்து போய்விடுவார்கள். அருகே நின்ற பெண்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஒரு தாய்க்கு அதைவிடச் சந்தோஷமான செய்தி இல்லை என்று நம்பினார்கள். ஆனாலும் அது அவளை எட்டவில்லை. பினெகாசின் மனைவி மரணத் தருவாயில் இருந்தவள். அவளுக்கு இன்றைய வியாதி ஒன்றின் பெயரைச் சூட்ட நாம் துணியவில்லை. ஆனால் அந்த மௌனத்தை நம் மலையில் பார்த்திருக்கிறோம்.

சில வருஷங்களுக்கு முன் பெரக்கரை நாட்டில் ஒரு வீட்டுக்கு நர்ஸ் சகோதரியோடு போயிருந்தோம். பிள்ளை பிறந்து ஆறாவது வாரம். கொழுகொழு என்று ஆண்குழந்தை. தாய் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். “எதுக்கு இப்படி இருக்கறான்னே தெரியலீங்க ஐயா, பையன் சிங்கக்குட்டியாட்டம் இருக்கறான், இவளுக்கு என்ன கொறை?” என்றார் மாமியார். அந்த அம்மாளும் மருமகள்மேல் பாசமுள்ளவர்தான். நர்ஸ் சகோதரி குறை என்ன என்று கேட்கவில்லை. “ராத்திரி தூங்கறியாம்மா?” என்று கேட்டார். குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வருவதில்லை என்று அந்தப் பெண் முதல்முறையாக வாய் திறந்தாள். அதன்பின் மெதுவாக, தான் நல்ல தாய் இல்லை, பிள்ளை தன்னிடம் வளர்வதைவிட வேறு யாரிடமாவது வளரலாம் என்றாள். டாக்டரிடம் அழைத்து வந்தோம். இரத்தசோகையும் இருந்தது, மனச்சோர்வு நோயும் இருந்தது. இரண்டுக்கும் மருந்து கொடுக்கப்பட்டது. தேற மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று.

இது நன்றிகெட்டதனமும் அல்ல, விசுவாசக் குறைவும் அல்ல. நஞ்சுக்கொடி விழுந்தவுடனே, கர்ப்பகாலம் முழுவதும் உடம்பில் பெருகியிருந்த சில சுரப்புநீர்கள் ஓரிரு நாளில் சடாரென்று இறங்கிவிடுகின்றன. அதோடு தூக்கம் கெடுகிறது, இரத்தம் குறைந்திருக்கிறது. ஆகவே மூன்றாம் நாள், நான்காம் நாளில் காரணமில்லாமல் கண்ணீர் வருவது பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் அது தானே விலகும், பயப்பட வேண்டாம். இரண்டு வாரம் கடந்தும் விலகாமல், தூக்கமும் பசியும் போய், பிள்ளையிடம் மனம் ஒட்டாமல், எதிலும் சந்தோஷமில்லாமல் இருந்தால் அது நோய். நோய்க்கு வைத்தியம் உண்டு. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே டாக்டர் ஆலோசனைப்படி சாப்பிடக்கூடிய மாத்திரைகளும் இருக்கின்றன. இதை அழுத்திச் சொல்லக் காரணம், பால் கெட்டுவிடும் என்ற பயத்தில் வீட்டார் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டுக் கிராமத்துத் தாய்மார் 359 பேரைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும், பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள்ளும் சந்தித்து ஆராய்ந்தார்கள். முடிவு 2002-இல் வெளியாயிற்று. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் நூற்றுக்கு 11 பேர். குறைந்த வருமானம், மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கர்ப்பகாலத்தில் நேர்ந்த துயரங்கள், மகனை எதிர்பார்த்து மகள் பிறந்தது, வேலைக்குக் கைகொடுக்க ஆளில்லாதது ஆகியவை அதற்கு வழிவிட்ட காரணங்கள் என்று கண்டார்கள். இதில் கடைசிக் காரணத்தைச் சபையார் கவனிக்க வேண்டும். வருமானத்தை நாம் ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் தண்ணீர் எடுத்துக் கொடுக்க யாராலும் முடியும். நம் மலையில் பிள்ளை பெற்ற பெண் சீக்கிரமே குச்சிக்கிழங்குக் காட்டுக்கும் விறகுக்கும் போய்விடுகிறாள்.

இன்னொன்று, இதைவிட அவசரமானது. ஆயிரம் பிரசவத்தில் ஓரிருவருக்கு முதல் சில நாட்களிலோ வாரங்களிலோ புத்தி திடீரென்று கலங்கிவிடும். ராத்திரியெல்லாம் விழிப்பு, சம்பந்தமில்லாத பேச்சு, இல்லாத குரல் காதில் விழுவது, பிள்ளையைக் குறித்து விபரீதமான எண்ணம். நம் பக்கத்தில் இதைப் பேய் பிடித்ததாகவோ ஜன்னி கண்டதாகவோ சொல்லிவிடுகிறார்கள். காய்ச்சலும் இருந்தால் கிருமி தொற்றியிருக்கலாம். அதுவும் உயிருக்கு ஆபத்து. எதுவானாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். தாயையும் பிள்ளையையும் தனியே விடக்கூடாது. கட்டிவைப்பதும், அடிப்பதும், உபவாச ஜெபம் என்று பட்டினி போடுவதும் கூடவே கூடாது. ஊழியக்காரர் சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம். ஜெபம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஜெபித்துக்கொண்டே ஜீப்பில் ஏற்றுங்கள் என்கிறோம். இந்தக் கலக்கம் பெரும்பாலும் நன்றாகவே குணமாகும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயமும் வீட்டாரைத் தடுக்கிறது. வேலூர் பாகாயத்தில் 1957-இல் மனநல மையம் தொடங்கிய காலம்தொட்டு, நோயாளியோடு வீட்டார் தங்குவது அங்கே வைத்தியத்தின் ஒரு பாகம். பெங்களூர் நிம்ஹான்சில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கும் வார்டு 2009-இல் திறக்கப்பட்டது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது என்கிறது. தாயால் பிள்ளைக்கு ஆபத்து நேருமென்றால் மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம்.

இப்போது ரூத் 4-ஆம் அதிகாரத்துக்குத் திரும்புங்கள். ஓபேத் பிறக்கிறான். அங்கேயும் பெண்கள் கூடி நிற்கிறார்கள், ஆண்பிள்ளைக்காகக் கர்த்தரைத் துதிக்கிறார்கள். ஆனால் அங்கே துதியோடு இன்னொரு காரியமும் நடக்கிறது. நகோமி பிள்ளையை வாங்கித் தன் மடியில் வைத்து வளர்க்கிற தாயாகிறாள். ஒரு மாமியார் அப்படிச் செய்தார் என்பதை வேதம் எழுதி வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் ரூத் என்ன செய்தாள் என்று எழுதப்படவில்லை. தூங்கியிருப்பாள் என்பது எங்கள் எண்ணம்.

ஆகவே உங்கள் சபையில் பிரசவமான வீட்டுக்குப் போகும்போது பிள்ளைக்குச் சட்டை கொண்டுபோவதோடு, ஒருவேளைச் சாப்பாடும் கொண்டுபோங்கள். இரண்டு மணிநேரம் பிள்ளையை வைத்துக்கொண்டு தாயைத் தூங்கவிடுங்கள். ஆறாவது வாரம் ஒருமுறை திரும்பப் போங்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஓய்ந்துபோயிருக்கும் சமயம் அது. மகன் பிறந்ததை வைத்துத் தேற்ற வேண்டாம், மகள் பிறந்ததற்காகப் பரிதாபப்படவும் வேண்டாம். தூக்கம் எப்படி என்று கேளுங்கள். மிகவும் சோர்ந்திருந்தால், சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா என்றும் தனியே, மெதுவாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த நினைப்பு உண்டாகிவிடாது. வருகிறது என்று சொன்னால் அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வழி தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அரசாங்கம் 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.