தைராய்டு சுரப்பியும் நம் வீட்டுப் பெண்களும்

"உனக்கு என்னம்மா வந்தது? வர வர ஆமை மாதிரி ஆகிவிட்டாயே!"

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் உதிரிப் பாகங்களைச் சோதித்துப் பெட்டியில் அடுக்கும் வேலை பார்க்கும் என் தாயாரிடம் மேற்பார்வையாளர் கேட்ட கேள்வி இது. வீட்டில் நாங்களும் ஏறக்குறைய இதையேதான் வேறு சொற்களில் கேட்டுக்கொண்டிருந்தோம். ஆவடியிலிருந்து பட்டரைவாக்கத்துக்குக் காலை ரயிலைப் பிடிக்க ஓடியவர், நடைமேம்பாலப் படிகளில் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினார். மற்றவர்கள் விசிறியைத் தேடும்போது அவர் போர்வையைத் தேடினார். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. குரல் கரகரத்தது. மாதவிலக்குப் பத்து நாள் வரை நீண்டது. "நாற்பதைத் தாண்டினால் இப்படித்தான்" என்று அக்கம்பக்கத்தார் தீர்ப்பளித்தனர். நானும் அதை நம்பினேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். நாளமில்லாச் சுரப்பிகள் பற்றிய பத்து மதிப்பெண் வினாவுக்குப் படம் வரைந்து விடை எழுதிய விலங்கியல் மாணவி நான்!

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. எடை ஏறக்குறைய 20 கிராம்தான். உணவிலிருந்து கிடைக்கும் அயோடினைக் கொண்டு இது தைராக்சின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. உடலின் ஒவ்வொரு செல்லும் எவ்வளவு விரைவாக எரிபொருளை எரிக்க வேண்டும் என்பதை நிர்ணயிப்பது இந்தத் தைராக்சினே. அது குறைந்தால் இதயத் துடிப்பு மந்தமாகும், குடல் மந்தமாகும், தோல் வறளும், மனம் சோரும். கருப்பையும் இதற்கு விலக்கன்று. ஆகவேதான் உதிரப்போக்கு மிகுகிறது. உதிரம் மிகுதியாகப் போனால் இரத்தசோகை. சோகையினால் மேலும் களைப்பு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் சோகை உள்ளவர்கள் என்று தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) கூறுகிறது. எனவே களைப்பு என்று வரும் பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவது எளிது. கழுத்துச் சுரப்பியின் நினைவு யாருக்கும் எளிதில் வருவதில்லை.

இந்நோய்க்கு மருந்து கண்ட வரலாறும் ஒரு பெண்ணிடமிருந்தே தொடங்குகிறது. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்னும் இளம் மருத்துவர், ஆட்டின் தைராய்டுச் சாற்றை 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஊசி மூலம் செலுத்தினார். நடக்கவும் பேசவும் தடுமாறிய அப்பெண்மணி, அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 'ஹார்மோன்' என்ற சொல்லே 1905-இல்தான் வழக்குக்கு வந்தது என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். பெயர் பிறக்குமுன்பே மருந்து பிறந்துவிட்டது! 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ நான்கு பெண்களின் தைராய்டு சுரப்பிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அவற்றுள் வெள்ளணுக்கள் மொய்த்திருப்பதைக் கண்டார். உடலைக் காக்க வேண்டிய படையே தன் சுரப்பியைத் தாக்கும் நோய் அது. இன்று நகர்ப்புறப் பெண்களிடம் தைராய்டு குறைவுக்குப் பெருங்காரணம் இதுவே.

சென்னை உட்பட எட்டு நகரங்களில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வொன்றில், பெண்களில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினருக்குத் தைராக்சின் குறைவு காணப்பட்டது. ஆண்களில் 5 விழுக்காடு. நம் வகுப்பு மாணவியரின் தாய்மார்களை எண்ணிப் பாருங்கள், எத்தனை பேர் என்று.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு மிகுதியாக விளையும் மாநிலம் நம்முடையது. ஆயினும் 2018-19-இல் நடந்த அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இங்கே 61.9 விழுக்காடுதான், நாட்டிலேயே இது கடைசி இடம். தூத்துக்குடியையும் வேதாரண்யத்தையும் வைத்துக்கொண்டு இப்படி! அயோடின் சேராத கல் உப்பின் மீது நமக்குள்ள பற்று இதற்கொரு காரணம். வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் தேவை, கருவுற்றவர்க்கு 250. முதல் மூன்று மாதங்களில் கருவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்சினே ஆதாரம் என்பதால் இது சிறிய செய்தியன்று. ஆனால் என் தாயாருக்கு வந்தது போன்ற நோயை உப்பு தீர்க்காது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, "நல்ல உப்புதானே சாப்பிடுகிறோம்" என்று சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்.

மருத்துவர் எழுதித் தந்த இரத்தப் பரிசோதனையில் அம்மாவுக்கு டி.எஸ்.எச். அளவு 38 என்று வந்தது. ஏறக்குறைய 4-க்குள் இருக்க வேண்டியது. சுரப்பி சோர்ந்தால், மூளையடியிலுள்ள பிட்யூட்டரி அதை மேலும் மேலும் அதட்டுகிறது. அந்த அதட்டலின் அளவே டி.எஸ்.எச். மாத்திரை தொடங்கியது. ஆறு மாதம் கழித்தும் எண் இறங்கவில்லை. மருந்தின் அளவைக் கூட்டினார்கள், அப்போதும் இல்லை. "ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை" என்று அம்மாவின் மீதே பழி விழுந்தது. பிறகு ஒரு நாள், வயதான செவிலியர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எதோடம்மா மாத்திரையை விழுங்குறே?"

காலை ஐந்தரை மணிக்கு, ரயிலுக்கு ஓடும் அவசரத்தில், சோகைக்குத் தந்த இரும்புச்சத்து மாத்திரையையும் இதையும் சேர்த்து, சூடான காபியோடு! இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் தைராக்சினைக் குடலில் பிடித்துவைத்து உடலில் சேரவிடாமல் செய்யும்; காபியும் தடுக்கும். வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி குடிக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இதை எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை, படித்த நான் உட்பட.

இப்போது மாத்திரை டப்பா அம்மாவின் தலைமாட்டில், தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஐந்து மணிக்கு அலாரம் அடித்ததும் விழுங்கிவிட்டு வாசல் தெளிக்கப் போகிறார். காபியை ஆறு மணிக்கு நான் போட்டுத் தருகிறேன். இரும்பு மாத்திரை இரவுக்குப் போயிற்று. சென்ற மாதம் வந்த எண் 3.6.