வாயிலுக்கு வந்த பால்

அம்பர்நாத்தில் பொழுது புலருமுன் ஐந்தாம் மாடி வீட்டின் கதவுப்பிடியில் ஒரு பை தொங்குகிறது. முன்னிரவில் கைப்பேசிச் செயலி வழியே கேட்டிருந்த ஒரு லிட்டர் பால் அதனுள் இருக்கிறது. அம்பாசமுத்திரத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஆச்சி, முதல் நாள் செம்பைக் கழுவி வைத்துக்கொண்டு கதவருகே காத்திருந்தார்.

"பால் எப்போதோ வந்துவிட்டது, ஆச்சி" என்றாள் பேத்தி.

"கொண்டுவந்தவர் யார்?"

பேத்திக்குத் தெரியவில்லை.

வீடுதோறும் சென்று விற்பது தமிழர்க்குப் பழைய வழக்கம். விடியற்காலையில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலையில் சுமந்து சென்று, மோருக்கு நெல் முதலியவற்றை மாற்றிவரும் ஆயர்மகளைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. நெய்யை அவள் பொன்னுக்கு விற்பதில்லை. எருமையும் பசுவுமே அதற்கு விலை.

ஆச்சியின் இளமையில் பால்காரர் பசுவையே வாசலுக்கு ஓட்டிவருவார். செம்பைக் கவிழ்த்துக் காட்டிய பின்னரே கறப்பார். உள்ளே நீர் இல்லை என்பதற்கு அதுவே சான்று. ஆழாக்கால் அளந்து ஊற்றியபின் கொசுறாகச் சிறிது பால் விழும். சுவரில் ஒரு கரிக்கோடு ஏறும். மாத முடிவில் அக்கோடுகளே கணக்கு. ஆயினும் அக்காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தன என்று ஆச்சி சொல்வதில்லை. கன்று இறந்துபோனால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன் நிறுத்திப் பால் கறப்பார்கள். பசு அதை நக்கிக் கொடுக்கும். அதைப் பார்க்க மனம் பொறாமல் ஆச்சி உள்ளே போய்விடுவாராம்.

மும்பையில் நகர நடுவிலேயே எருமைத் தொழுவங்கள் பெருகித் தூய்மை கெட்டது. அவற்றை வெளியேற்றுவதற்காகக் கோரேகாவில் ஆரே பால் குடியிருப்பு 1949-இல் அமைக்கப்பட்டது. குஜராத்தின் ஆனந்திலிருந்தும் தொடர்வண்டியில் பால் வந்தது. வண்ணத்தாள் மூடியிட்ட கண்ணாடிப் புட்டிகளை வாங்க மக்கள் விடியலில் சாவடியின் முன் வரிசையில் நின்றார்கள்.

ஆச்சி மணமாகி அம்பர்நாத்துக்கு வந்தபோது, அவர் கணவர் படைக்கலத் தொழிற்சாலையில் பணியாற்றினார். அங்கே மிதிவண்டியின் இருபுறமும் பால்கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பையா வருவார். அவர் உத்தரப் பிரதேசத்தினர். இருவருமே ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். 'பாவ்' என்றால் கால் லிட்டர், 'ஆதா' என்றால் அரை லிட்டர். ஆச்சி கற்ற முதல் இந்திச் சொற்கள் இவையே. பையா 'போதும்' என்பதைக் கற்றுக்கொண்டார்.

ஒருநாள் பணத்தைப் பற்றிக் கேட்டபோது பையா "கல்" என்றார். கல் எதற்கு என்று ஆச்சி திகைத்தார். பிறகு 'கல்' என்றால் 'நேற்று' என்று பக்கத்து வீட்டார் சொல்ல, நேற்றே பணம் கொடுத்துவிட்டதாக அவர் கூறுகிறார் என எண்ணி மகிழ்ந்தார். மறுநாள் பையா பணத்துக்குக் கைநீட்டினார். இந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் அந்த ஒரே சொல்தான் என்பது அன்றுதான் தெரிந்தது! சுவரிலிருந்த கோடுகளை இருவரும் சேர்ந்து எண்ணி வழக்கைத் தீர்த்தார்கள்.

இப்போது வாயிலுக்குப் பால் மீண்டும் வருகிறது. புனே மாவட்டத்து மஞ்சரில் உள்ள பண்ணையொன்று 2011 முதல் மும்பை வீடுகளுக்கு நேரே பால் அனுப்புகிறது. அங்கே கறப்பது இயந்திரம். இங்கிலாந்தில் ஞெகிழிக் குப்பைக்கு அஞ்சிக் கண்ணாடிப் புட்டிக்குத் திரும்பியவர்கள் உண்டு. அளவு பிசகுவதில்லை, கணக்கு கைப்பேசியில் இருக்கிறது. கொசுறு மட்டும் இல்லை. அழைப்புமணியை அழுத்த வேண்டா என்று செயலியிலேயே குறித்துவிடலாம்.

நான்காம் நாள் ஆச்சி நாலரை மணிக்கே எழுந்து கதவைத் திறந்து வைத்தார். இரு கைகளிலும் பைகளோடு ஓர் இளைஞர் வந்தார். ஆச்சி செம்பில் தண்ணீர் கொடுத்தார். அவர் நின்றபடியே குடித்தார்.

"கல்?" என்று கேட்டார் ஆச்சி.

இளைஞர் சிரித்துத் தலையசைத்துவிட்டு மின்தூக்கியை நோக்கி ஓடினார். இன்னும் இரண்டு மாடிகள் எஞ்சியிருந்தன.

சொற்பொருள்
ஆழாக்கு – படியில் எட்டில் ஒரு பங்கு
கொசுறு – அளவுக்குமேல் இலவசமாகத் தருவது
ஞெகிழி – பிளாஸ்டிக்

பயிற்சி
1. பால்காரர் செம்பைக் கவிழ்த்துக் காட்டியது ஏன்?
2. 'கல்' என்னும் சொல்லால் ஆச்சிக்கு நேர்ந்த குழப்பத்தை உம் சொற்களில் எழுதுக.
3. உம் வீட்டுப் பெரியவர் இவ்வூரில் முதலில் கற்ற வேற்றுமொழிச் சொல் எது? யாரிடம் கற்றார்? கேட்டு எழுதுக.