எந்தச் சாமான் எந்த இடத்தில்? பழைய எம்ஜிபிக்கு அக்காவின் டிப்ஸ்

சிம்பாங் ரெங்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் அன்னாசிப்பழக் கூடைகளும் மைலோ டின்களும் வரிசையாக அடுக்கியிருக்கும். எல்லாவற்றிலும் என் தம்பியின் 1966ஆம் வருஷத்து எம்ஜிபி காடியின் சாமான்கள்தான். அவன் கழற்றுவான், நான் எழுதி வைப்பேன். பழைய ஸ்போர்ட்ஸ் காடி வாங்கிச் சீர்செய்ய ஆசைப்படுகிற தம்பி தங்கைகளுக்காக, அந்த நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

"கழட்டும்போதே போன்ல படம் எடுத்துட்டேன்க்கா" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எடுங்கள், நிறையவே எடுங்கள். ஆனால் அந்தப் படத்தில் தெரிவது கடைசியாகக் கை வைத்த ஃபோமன் மாட்டிய விதம்தான். அறுபது வருஷக் காடி எத்தனை கை மாறியிருக்கும்!

எங்கள் காடிக்கு நேர்ந்ததும் இதுதான். எம்ஜிபியில் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். இன்ஜின் சூடு அதில் ஏறாமலிருக்க நடுவில் ஒரு தடுப்புக் கட்டையும் ஒரு தகடும் உண்டு. தம்பி படத்தைப் பார்த்து, இருந்தது இருந்தபடியே மாட்டினான். ஆயர் ஹீத்தாம் போகிற பழைய சாலையில், உச்சி வெயிலில், காடி நின்றுபோனது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஓடும், பிறகு மறுபடியும் நிற்கும். பார்ட்ஸ் புத்தகத்தில் விரித்துக் காட்டிய படத்தைத் திறந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மேனிஃபோல்டை ஒட்டி முதலில் கேஸ்கெட், அடுத்து தடுப்புக் கட்டை, இன்னொரு கேஸ்கெட், அதன் பிறகே தகடு, மறுபடி கேஸ்கெட், கடைசியில் கார்புரேட்டர். எங்கள் காடியில் தகடு மேனிஃபோல்டை ஒட்டி இருந்தது. சூட்டைத் தடுக்க வேண்டிய தகடே சூட்டை வாங்கி, பெட்ரோல் நிற்கிற கிண்ணத்தின் பக்கம் விட்டுக்கொண்டிருந்தது.

அதனால் ஸ்பெனரைத் தொடுவதற்கு முன்னால் சேஸிஸ் எண்ணைப் படியுங்கள். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் செய்யப்பட்டது. ஐந்து லட்சத்துக்கும் மேல். வெளியே பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வேறு வேறு. எண் 'ஜிஎச்என்3' என்று தொடங்கினால் முதல் வரிசைத் திறந்த காடி. 'ஜிஎச்டி3' என்றால் கூரை வைத்த ஜிடி. முதல் வரிசையில் டைனமோ இருக்கும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். 1967 கடைசியில் வந்த அடுத்த வரிசையில் ஆல்டர்னேட்டர், நெகட்டிவ் எர்த். இது தெரியாமல் புது ரேடியோவை மாட்டினால் அது கருகிவிடும். பழைய காடிகளில் யாராவது இடையில் மாற்றியும் இருப்பார்கள். அதனால் பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பேட்டரி இருப்பது இருக்கைக்குப் பின்னால். 1974 வரை ஆறு வோல்ட்டில் இரண்டு, ஆளுக்கொரு பெட்டியில். எங்கள் காடியில் ஒரு பெட்டி காலியாக இருந்தது. ஏதோ கருவி வைக்கிற இடம் என்று தம்பி நினைத்துவிட்டான்.

அடுத்த சாட்சி காடியின் இரும்புதான். பெயிண்ட் சுரண்டும் முன்னால் ஒவ்வொரு ஓட்டையையும் பாருங்கள். கம்பெனி போட்ட ஓட்டை சுத்தமாக இருக்கும். பின்னால் யாரோ துளைத்ததில் பிசிறு நிற்கும். கிளிப் இருந்த இடத்தில் பழைய பெயிண்ட் நிறம் மங்காமல் தெரியும். லூக்காஸ் சாமான்களில் செய்த காலம் பொறித்திருக்கும். அது காடியின் வயதோடு ஒத்துப்போனால் பெரும்பாலும் அதுவே கூடவே வந்த சாமான். வயர் நிறம் வெளுத்திருந்தால் மேலே சுற்றிய டேப்பைக் கொஞ்சம் பிரியுங்கள், வெயில் படாத இடத்தில் உண்மை நிறம் இருக்கும். கறுப்பு எர்த். பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை சாவி திருப்பினால் உயிர் பெறுவது. பச்சை அதே வெள்ளை ஃபியூஸைத் தாண்டிய பிறகு.

இனிச் சொல்வது உயிர் விஷயம். கம்பிச் சக்கரம் உள்ள எம்ஜிபியில் நடுவே ஒரு பெரிய நட்டு இருக்கும். இடப்பக்கச் சக்கரத்துக்கு வழக்கமான மரை, வலப்பக்கத்துக்கு எதிர்மரை. காடியில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது வருகிற இடமும் வலமும். சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசைதான் நட்டைக் கழற்றும் திசை. அப்படி இருந்தால்தான் ஓட ஓட நட்டு இறுகும். ஹப்பை இடம் மாற்றி மாட்டிவிட்டால், ஓடுகிற காடியில் நட்டு தானாகக் கழன்றுவிடும். முன் ஹப்புகளைக் கழற்றியதும் இரண்டு தனித்தனி டின், மூடி மேல் இடம், வலம் என்று எழுத்து. இதில் சோம்பல் வேண்டாம்.

அதே ஹப்புக்குள் இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஒரு ஸ்பேசரும், காகிதம் போன்ற மெல்லிய ஷிம்களும் இருக்கும். 'இது எதுக்கு' என்று அதை வீசிவிடுகிற கடைகள் உண்டு. வீசவிடாதீர்கள். ஆட்டம் 0.002 முதல் 0.004 இஞ்ச்வரைதான் இருக்க வேண்டும், அதை முடிவு செய்வது அந்த ஷிம்தான்.

ஜொகூர் ஈரத்தில் காகிதச் சீட்டு ஒரு மாதம் தாங்காது. மார்க்கர் மை பெட்ரோல் பட்டால் போய்விடும். பென்சிலால் எழுதிப் பிளாஸ்டிக் பைக்குள் போடுங்கள். பெரிய சாமானுக்கு, மைலோ டின்னிலிருந்து துண்டு வெட்டி, ஆணியால் எண்ணைத் தட்டிக் கம்பியில் கட்டுங்கள். போல்ட்டை அது வந்த ஓட்டையிலேயே இரண்டு சுற்று திருகி விடுவது எல்லாவற்றிலும் நல்லது.

பெயிண்ட் அடிக்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: சேஸிஸ் தகடும், இன்ஜினின் வலப்பக்கத்து எண் தகடும் தொலையக்கூடாது, தேயக்கூடாது. பெயர் மாற்றப் புஸ்பாகோம் போனால் அந்த இரண்டு எண்ணையும்தான் பார்ப்பார்கள். காடி எந்த நாளில், எந்த நிறத்தில், எந்த இன்ஜின் எண்ணோடு வெளியே வந்தது என்பதற்கு இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் சான்றிதழ் வாங்கலாம். காசு செலவாகும், ஆனாலும் வாங்குங்கள்.

ஒரு வேண்டுகோள். தோட்டத்துத் துரைமார் காடிகளை ஓட்டிய, கழுவிய, பழுது பார்த்த தாத்தாக்களும் அப்பாக்களும் நம் வீடுகளில் இருந்திருக்கிறார்கள். அலமாரியில் அந்தக் காலத்துப் படமோ, எண்ணெய்க் கறை பிடித்த பார்ட்ஸ் புத்தகமோ கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பானட் திறந்திருக்கிற ஒரே ஒரு படம் போதும், எங்களைப் போன்றவர்களுக்குப் பல மாத வேலை மிச்சம்.