இமய யாத்திரையும் குளிரில் நடக்கும் முறையும்

கேதார்நாத், பத்ரிநாத் தரிசனத்திற்குப் புறப்படும் அன்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எத்தனை ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையே. அந்தக் குளிரில் எப்படி நடப்பது என்று கேட்பவர் மிகக் குறைவு.

துவாஸ் கப்பல் பட்டறைகளில் பணிபுரிந்து, நம் ஆலயத்திற்கு வரும் தம்பிமார் சிலர் ஊர் விடுப்பில் இந்த யாத்திரையையும் முடித்துவரத் திட்டமிடுகிறார்கள். அவர்களில் ஒருவர், "சார், நாள் முழுக்க வெயிலில் இரும்பு தூக்குகிறேன், எனக்கு என்ன பயிற்சி வேண்டும்?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் வெயிலுக்குப் பழகிய உடல் சீக்கிரமாகவும் தாராளமாகவும் வியர்க்கும். துவாஸில் அவரைக் காப்பாற்றும் அந்த வியர்வையே மலையில் பகையாகிறது.

பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். கேதார்நாத் 3,583 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடல்மட்டத்தில் 30 டிகிரி இருந்தால் அந்த உயரத்தில் ஏறத்தாழ 7 டிகிரிதான். இரவில் இன்னும் இறங்கும். சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19.4 டிகிரி, அதுவும் 1934இல்! 23 டிகிரிக்கே போர்வை தேடுகிறவர்கள் நாம்.

1996 ஆகஸ்டில் அமர்நாத் யாத்திரையின்போது எதிர்பாராத மழையும் பனியும் தாக்கி 240க்கும் மேற்பட்டோர் மாண்டனர். குளிரும் களைப்புமே அவர்களைக் கொண்டுபோயின. நனைந்த உடை எத்தகையது என்பதை அறிய ஒன்று சொல்கிறேன்: நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஏறும்போது உடல் சூடாகவே இருக்கும், ஆபத்து தெரியாது. தேநீர்க் கடையில் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் நடுக்கம் பிடிக்கும். ஆகவே வியர்க்கும் முன்பே மேலுடை ஒன்றைக் கழற்றுங்கள். நின்றவுடன் அணிந்துகொள்ளுங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். உள்ளே பருத்திப் பனியன் வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். கம்பளி ஈரமானாலும் ஓரளவு காக்கும். நனையாத பையில் மாற்றுடை ஒன்று கட்டாயம்.

நடுங்குபவர் பேச்சுக் குழறி, தடுமாறி, பொத்தான் போட முடியாமல் திணறினால் அது உடல்வெப்பம் இறங்குவதன் அடையாளம். நடுக்கம் திடீரென நின்றால் குணமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள், நிலைமை முற்றிவிட்டது. ஈர உடையை அகற்றிப் போர்த்துங்கள். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் சூடான இனிப்புப் பானம் கொடுத்து, உடனே மருத்துவ உதவி தேடுங்கள். கைகால்களைத் தேய்க்கக் கூடாது. சூடேறும் என்று மது கொடுப்பது பெருந்தவறு.

காற்றின் சேதியும் உண்டு. கேதாரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு, துவாஸில் கிடைப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். கௌரிகுண்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டரை ஒரே நாளில் ஏறுகிறார்கள். வழியில் ஓரிரு இரவுகள் தங்கிப் போவதே உத்தமம். தலைவலியுடன் வாந்தியும் வந்தால் மேலே ஒரு அடிகூட வைக்காமல் இறங்கிவிட வேண்டும்.

விரதம் பற்றி என் கருத்தைச் சொன்னால் சிலர் கோபிப்பார்கள். மலையேறும் நாளில் பட்டினி கூடாது. உடல் சூட்டைக் காக்க உணவுதான் விறகு. குளிரில் தாகமும் தெரியாது, ஆதலால் தாகமின்றியே தண்ணீர் குடியுங்கள். பத்ரிநாத்தின் தப்த குண்டத்தில் வெந்நீர் ஆடியபின் ஈரத்தலையோடு வரிசையில் நிற்காதீர்கள்.

குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் ஏறும், இதயத்திற்குச் சுமை கூடும். எங்கள் வயதினர் மருத்துவரைப் பார்த்தபின்பே பயணச்சீட்டு வாங்க வேண்டும். இன்சுலின் உறைந்துவிட்டால் பயன்படாது, உள்சட்டைப் பையில் உடலோடு ஒட்டி வையுங்கள்.

பயிற்சிக்கு இடமா? துவாஸ் கடலைத் தூர்த்த சமதரை, புக்கிட் தீமா குன்றோ 163 மீட்டர்தான். நம் புளோக் படிகளே போதும். மூன்று மாதம் முன்பிருந்து, முதலில் ஐந்து மாடி, பிறகு பத்து, முதுகில் பையோடு. இறங்கும்போதும் மின்தூக்கி வேண்டாம், முழங்காலுக்கு இறக்கமே சோதனை.