விளங்காவிட்டாலும் போய் இரு

அன்புள்ள மருமகளுக்கு,

குவாண்டம் ஆய்வு நிலையங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஊராரையும் கூப்பிட்டு விரிவுரை வைப்பது ஆராய்ச்சிக்காரருக்கு மினக்கேடு இல்லையா, போய் இருப்பவர்களுக்கும் பாதிதானே விளங்கும் என்று கேட்டிருந்தாய். முதல் கேள்விக்கு ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

சென்னை மயிலாப்பூரில் ஏகாம்ர நிவாஸ். இந்திய அரசமைப்பை வரைந்த குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் வீடு. அவருடைய மகன் அல்லாடி ராமகிருஷ்ணன், பிரின்ஸ்டனில் நடக்கும் கருத்தரங்குகளில் ஊறித் திரும்பியவர். 1959 இல் அந்த வீட்டிலேயே மாணவர்களை இருத்தி, கோட்பாட்டுப் பௌதிகக் கருத்தரங்கைத் தொடங்கினார். தனிக் கட்டடமில்லை. சென்னைக்கு வரும் வெளிநாட்டு அறிஞர்களை விடாமல் பிடித்துவந்து பேசவைப்பார். 1960 ஜனவரியில் நீல்ஸ் போர் வந்தார். உன் பாடப்புத்தகத்தில் ஐதரசன் அணுவோடு வருகிறாரே, அதே போர். இந்தியாவில் தன்னைக் கவர்ந்தவை என்று பத்திரிகைக்காரரிடம் அவர் சொன்னவை இரண்டு: பம்பாயில் விஞ்ஞானி ஹோமி பாபா கட்டியெழுப்பிய பெரிய டாட்டா ஆய்வு நிலையம், சென்னையில் இந்தச் சின்ன மாணவர் கூட்டம். பிறகு மாநிலக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் விஷயத்தை நேருவரை கொண்டுபோனார். 1962 ஜனவரி 3 இல் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. தொடக்க விழாவுக்கு வந்தவர் வானியற்பௌதிக அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

ஒழுங்கைக் கவனி. நிறுவனம் கருத்தரங்கை நடத்தவில்லை. கருத்தரங்குதான் நிறுவனத்தைப் பெற்றது.

இன்னொன்று, ஒரு பேச்சு ஒரு துறையையே பெற்ற கதை. 1979 இல் புவேர்ட்டோ ரிக்கோவில் ஒரு மாநாடு. கடலில் நீந்திக்கொண்டிருந்த கணினி விஞ்ஞானி ஜில் பிராசாரிடம், முன்பின் தெரியாத பௌதிகவியலாளர் சார்ல்ஸ் பென்னற் நீந்திவந்து, ஒருவராலும் கள்ளநோட்டு அடிக்கமுடியாத குவாண்டம் காசைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அந்தப் பேச்சு வளர்ந்து, 1984 டிசம்பரில் பெங்களூரில் நடந்த மாநாட்டில் கட்டுரையாக வந்தது. இன்று குவாண்டம் மறைகுறியியல் என்று உலகம் முழுக்கப் படிப்பிப்பதன் அடித்தளம் அதுதான். தத்துவம் சிக்கனமானது: ரகசியத் திறப்பை ஒவ்வொரு போட்டனாக அனுப்பு, இடையில் ஒருவன் ஒட்டுக்கேட்டு அளந்தால் போட்டன்களின் நிலை குழம்பும், அந்தக் குழப்பமே அவனைக் காட்டிக்கொடுக்கும். இங்கே ரொறன்ரோவிலிருந்து ஒன்றரை மணித்தியால ஓட்டத்தில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் குவாண்டம் கணிமை நிலையம் இருக்கிறது. 2002 இல் தொடங்கியது. அங்கே உன் வயதுப் பிள்ளைகளுக்கென்றே கோடைப்பள்ளி வைத்து இதைப் படிப்பிக்கிறார்கள். சிங்கப்பூரின் குவாண்டம் தொழில்நுட்ப நிலையம் குவாண்டத்தை வைத்துக் குறும்படப் போட்டியும் சிறுகதைப் போட்டியும் நடத்துகிறது.

இனி உன் இரண்டாவது கேள்வி. பாதி விளங்கினால் அதிர்ஷ்டம். எனக்குப் பல நாள் கால்வாசிதான். இணுவில் கந்தசுவாமி கோயில் வீதியில் விடிய விடியத் தவில் கேட்டவர்கள் எல்லோரும் தாளக் கணக்குத் தெரிந்தா இருந்தார்கள்? கேட்டுக் கேட்டுத்தான் காது பழகியது. ஆனால் சும்மா இருந்து கேட்காதே. பேசுகிறவர் எந்தக் கேள்விக்குப் பின்னால் ஓடுகிறார் என்பதை முதல் பத்து நிமிடத்துக்குள் பிடித்துவிடு. நடுவில் வரும் சமன்பாடுகளை விட்டுவிடு, தெரியாத சொற்களை மட்டும் குறித்துக்கொள். கேள்வி நேரம் வருமுன் எழும்பி ஓடாதே. மற்றவர்களுக்கும் விளங்கவில்லை என்பது அப்போதுதான் தெரியவரும், பேச்சாளர் எங்கே தடுமாறுகிறார் என்பதும் தெரியும். பெட்டிக்குள் அடைத்த பூனைக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்து, எல்லாம் அதிசயம் என்று அனுப்பிவிடும் விரிவுரைகளும் உண்டு. அவற்றுக்குப் போகாவிட்டால் நட்டமில்லை. 'குவாண்டம் வைத்தியம்' என்று விற்கிறவன் கூட்டம் வைத்தால் அந்தப் பக்கமே போகாதே.

விரிவுரைக்குப் போக ஒரு நாள் தேடினால், ஏப்ரல் 14 உலக குவாண்டம் தினம். நமக்குச் சித்திரைப் புத்தாண்டும் பெரும்பாலும் அன்றுதான். ஏன் அந்தத் திகதி என்று நீயே கணக்குப் பார்: பிளாங்கின் மாறிலி 6.63 × 10⁻³⁴ யூல் செக்கன். அதை இலத்திரனின் ஏற்றமான 1.6 × 10⁻¹⁹ ஆல் வகுத்தால் முதல் மூன்று இலக்கங்கள் 4, 1, 4. மாதத்தை முன்னே எழுதுகிறவர்களுக்கு அது ஏப்ரல் 14.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்காதே. யாழ்ப்பாணத்துத் தமிழரான கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர், கேம்பிரிட்ஜில் பௌதிக மேதை டிராக்கிடம் ஆராய்ச்சி செய்தவர். கதிர்வீச்சின் எதிர்விசையைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், புரோத்தனை நோக்கி நேராகப் போகும் இலத்திரன் அதில் விழாமல் திரும்பிவிடும் என்று 1943 இல் காட்டினார். இலத்திரன் ஏன் புரோத்தனில் விழுவதில்லை என்பது, ஐதரசன் அணுவைப் பற்றி நீ வகுப்பில் கேட்கத் தயங்கும் மாதிரியான கேள்விதான்.

இங்கிலிசில் கேட்கப் பயமென்றால் தமிழில் கேள். உங்கள் பக்கத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860களில் மேலைநாட்டு மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தவர். கேள்வியைத் தமிழில் எடுக்காத சபை என்றால் குறை சபையுடையது.

திருநெல்வேலியில் கம்பஸ் விஞ்ஞானபீடம் உனக்குச் சைக்கிள் ஓடும் தூரம். யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கமும் 1991 இலிருந்து இயங்குகிறது. எப்போது பொது விரிவுரை வைக்கிறார்கள் என்று விசாரித்து, ரியூசன் இல்லாத நாளாகப் பார்த்து இரண்டு சிநேகிதிகளையும் கூட்டிக்கொண்டு போ. அதற்கிடையில் சனசமூக நிலையத்து வாசிகசாலையில் ஒரு மேசை கேட்டு வாங்கி, ஒளிமின் விளைவை ஒரு பின்னேரம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார். அவர்கள் கேட்டு உனக்குப் பதில் தெரியாமல் போன கேள்விகளை எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா