ரண ஜன்னியும் அதன் தடுப்பு முறையும்

உழவர்க்கு மண்ணே வாழ்வு. கண்மாயில் மண் வெட்டுவோரும், வரப்பில் வெறுங்காலுடன் நடப்போரும், தொழுவத்தில் சாணம் அள்ளுவோரும் நாள்தோறும் மண்ணோடு பழகுகின்றனர். அம்மண்ணிலேயே உயிரைக் குடிக்கும் கிருமி ஒன்றும் உறைகின்றது என்பதைக் கிராமத்தார் யாவரும் அறிந்திருத்தல் வேண்டும். அது விளைவிக்கும் நோயே ரண ஜன்னி. மருத்துவர்கள் இதனை டெட்டனஸ் என்பர்.

நோயின் காரணம்

துருப்பிடித்த ஆணி குத்தினால் இந்நோய் வரும் என்பது பலருடைய எண்ணம். துருவுக்கும் நோய்க்கும் தொடர்பு இல்லை. 1884-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் நிக்கோலேயர், மண்ணைப் பிராணிகளின் உடலிற் செலுத்தி இந்நோயை உண்டாக்கிக் காட்டினார். 1889-இல் ஜப்பானிய அறிஞர் கிடசாட்டோ கிருமியைத் தனியே பிரித்தெடுத்தார். மாடு, குதிரை முதலிய பிராணிகளின் குடலில் வாழும் இக்கிருமி, சாணத்தின் வழியே மண்ணிற் கலந்து, கடினமான உறையுடைய வித்தாகிப் பல்லாண்டுகள் அழியாது கிடக்கும். காற்றுப் புகாத இடத்திலேயே அவ்வித்து முளைக்கும். ஆதலின், மேலாகச் சிராய்த்த புண்ணைக் காட்டிலும், கருவேல முள்ளோ, ஆணியோ, மாட்டுக் கொம்போ ஆழமாகக் குத்திய புண்ணே பெரிதும் அஞ்சத்தக்கது.

அறிகுறிகள்

காயம் பட்ட 3 முதல் 21 நாட்களுக்குள் பெரும்பாலும் நோய் தலைகாட்டும். அதற்குள் காயம் ஆறிப்போயிருத்தலும் உண்டு. முதலில் வாயைத் திறக்க இயலாது. கிருமி கக்கும் நஞ்சு நரம்புகளின் வழியே சென்று, தசைகள் தளர்வதைத் தடுத்துவிடுகின்றது. கழுத்தும் வயிறும் விறைத்து, முதுகு வில்லைப்போல் வளையும். சிறு ஓசையும் வெளிச்சமும்கூட இசிவைத் தூண்டும். நோயாளியோ நினைவு தவறாமல் அவ்வளவு வேதனையையும் உணர்ந்துகொண்டிருப்பார். மூச்சுவிடும் தசைகள் இறுகினால் உயிருக்கே ஆபத்து.

தாயும் சேயும்

தூய்மையற்ற கருவியால் தொப்புள்கொடியை அறுப்பதாலும், அதன்மேல் சாணச் சாம்பல் முதலியவற்றைத் தடவுவதாலும் முற்காலத்தில் பச்சிளங் குழந்தைகள் பல மாண்டன. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசியும், மருத்துவமனைப் பிரசவமும் பரவியதனால் இக்கொடுமை குறைந்தது. 2015-ஆம் ஆண்டில், தாய்மாருக்கும் சிசுக்களுக்கும் வரும் ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கும் குறைவாகவே இந்நோய் காணப்படும் நிலை என்பதே இதன் பொருள். மண்ணிலுள்ள கிருமி ஒழியவில்லை, ஒழிக்கவும் இயலாது.

அவரவர்க்கு அவரவர் காப்பு

தட்டம்மை போன்ற தொற்றுநோய்களில், ஊரார் பலர் தடுப்பூசி போட்டுக்கொண்டால் எஞ்சியோருக்கும் அது ஓரளவு காவலாகும். ரண ஜன்னி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதன்று. ஆகவே, அண்டை வீட்டார் போட்ட ஊசி நம்மைக் காக்காது. ஒருமுறை நோய் கண்டு பிழைத்தவருக்கும் மறுமுறை வாராது என்னும் உறுதியில்லை.

குழந்தைகளுக்கு 6, 10, 14 வாரங்களிலும், 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும், 5 முதல் 6 வயதிற்குள்ளும், பின்னர் 10, 16 வயதுகளிலும் இத்தடுப்பூசி போடப்படுகின்றது. நாட்டில் விரிவான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது 1978-இல்தான். அதற்கு முன் பிறந்த முதியோரில், சிறப்பாக ஆடவரில், பலர் முறையாக ஊசி பெறாதவராயிருக்கக்கூடும். மண்ணோடும் மாட்டோடும் உழைப்பவர்களும் இவர்களே. காயம் பட்டபின் ஓர் ஊசி போட்டுக்கொண்டால் போதும் என்று இவர்கள் எண்ணுதல் தவறு. முன்பு ஊசியே பெறாதவரின் உடலில் முதல் ஊசி உடனே காப்பளிக்காது. அத்தகையோர் 4 வார இடைவெளியில் இரண்டும், 6 மாதங்கள் கழித்து ஒன்றுமாக மூன்று ஊசிகள் பெறுதல் வேண்டும்.

காயம் பட்டால் செய்யத்தக்கன

சோப்பும் ஓடும் நீரும் கொண்டு காயத்தை நன்கு கழுவுக. சாணம், மண், காப்பித்தூள், சுண்ணாம்பு எதனையும் அப்பாதீர். தாமதியாமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று, இறுதியாக ஊசி போட்ட ஆண்டினைக் கூறுக. காயம் ஆழமாயும் அழுக்காயும் இருந்து, முன்பு முறையாக ஊசி பெறாதவராயின், உடனடிக் காப்பளிக்கும் எதிர்நஞ்சு மருந்தும் தேவைப்படும்.

ஊராட்சிகளின் கடமை

புதுக்கோட்டை மாவட்டத்தின் 13 ஒன்றியங்களிலும் செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. ஜனவரி மாதத்தில் தச்சங்குறிச்சி முதலிய ஊர்களில் வாடிவாசல் திறக்கின்றது. மாடுபிடி வீரர்களும் காளை வளர்ப்போரும் அதற்குப் பல மாதங்கள் முன்னரே மூன்று ஊசிகளையும் முடித்திருக்க ஊராட்சித் தலைவர்கள் தூண்டுதல் வேண்டும். கண்மாய்ப் பணியாளர்களையும், கல் உடைப்போரையும், முதியோரையும் கிராம சுகாதார செவிலியரின் துணையுடன் பட்டியலிட்டு, ஊசி பெறாதோரைக் கண்டறியலாம். கிராம சபைக் கூட்டத்தில் இதற்கெனச் சிறிது நேரம் ஒதுக்கினால் போதும். மண்ணை நாம் மாற்ற முடியாது. அதில் இறங்குமுன் உடலுக்குக் காப்புத் தேட முடியும். அதனை இன்றே தொடங்குவோமாக.