பாடம் 9: ஜெல்லியில் ஒரு கல்லீரல்

உங்கள் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருக்கிறதா? இப்போது கன்னத்தைத் தொடுங்கள். மெத்தென்று இருக்கும். உடலுக்குள் இருக்கும் உறுப்புகளும் ஒவ்வொன்றும் ஒரு விதம்.

ஒருவருடைய கல்லீரலில் சின்னக் கட்டி இருக்கிறது. அது என்ன கட்டி? மருத்துவர் அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியை உள்ளே செலுத்தி, கட்டியில் சிறு துணுக்கு எடுப்பார். ஊசி இடம் மாறினால் இரத்தக் குழாயில் குத்திவிடலாம். அதனால் முதலில் மாதிரிக் கல்லீரலில் பழக வேண்டும்.

"அதை எதுல செய்யலாம்?" என்று கேட்கிறீர்களா? வாங்க, மூன்று பொருள்களைப் பார்ப்போம்.

ஜெலட்டின்: ஜெல்லி செய்யும் பொருள். கல்லீரலைப் போலவே ஜெல்லியிலும் தண்ணீர்தான் அதிகம். நம் உடலின் மென்மையான பகுதிகளில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் செல்லும். ஜெல்லியிலும் ஏறத்தாழ அதே வேகம்தான். ஆனால் ஜெல்லி சூட்டில் உருகும். சில நாளில் கெட்டுப்போகும்.

அகர்: கடற்பாசியில் இருந்து எடுப்பது. வீட்டுல இனிப்பு செய்வாங்களே, அதேதான்! ஜெலட்டினைவிடச் சூடு தாங்கும். ஆனால் அழுத்தினால் உடைந்துவிடும்.

சிலிக்கோன்: கேக் அச்சு செய்யும் பொருள். பல வருடம் கெடாது. தையல் போட்டுப் பழக நல்லது. ஆனால் இதில் ஒலி நொடிக்குச் சுமார் 1,000 மீட்டர்தான் செல்லும். கருவிக்கு அது தெரியாது. 2 செ.மீ. ஆழத்தில் உள்ள கட்டியை 3 செ.மீ. ஆழத்தில் இருப்பதாகக் காட்டும்!

அப்படியானால் எது நல்ல பொருள்? "இதை வச்சு என்ன பழகப் போறோம்?" என்பதுதான் முதல் கேள்வி. விடை அதைப் பொறுத்தது.

செய்து பார்ப்போம்
பெரியவர் ஒருவரின் உதவியோடு ஜெல்லி செய்து, இறுகும் முன் ஒரு திராட்சையைப் போடுங்கள். இறுகியதும் கண்ணை மூடிக்கொண்டு, பல்குத்தும் குச்சியால் திராட்சையைத் தேடுங்கள். எத்தனை முறை குத்தினீர்கள்?

பயிற்சி
1. எழுத்துத் தமிழில் எழுதுக: எதுல, செய்வாங்க, வச்சு, போறோம்.
2. கோடிட்ட இடத்தை நிரப்புக: அகர் ______ இருந்து கிடைக்கிறது.
3. அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசி போடப் பழக எந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பீர்கள்? தையல் பழக எதை? ஏன்?